தாலுகா ஆபீசுக்குள் கணிப்பொறி

(மூன்றாமாண்டு, கணிப்பொறிப் பொறியியல் பட்டயப் பிரிவு)



மூன்று வருஷம் படித்து முடித்தபின் எங்கே வேலைக்குப் போவாய் என்று நம் பிரிவில் யாரைக் கேட்டாலும் சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர் என்று கம்பெனிகளாகத்தான் அடுக்குவோம். அரசாங்க ஆபீசில் கணிப்பொறி வேலை என்று யாராவது சொன்னால், "அங்கே என்னப்பா, டைப் அடிக்கிற வேலைதானே" என்று முடித்துவிடுகிறோம். ஓர் அரசுத் துறைக்குள் கணிப்பொறியைக் கொண்டுவருவதற்குத் திட்டம் போடுவதும், கொள்கை வகுப்பதும், எல்லோரையும் அந்தப் பக்கம் திருப்புவதும் எவ்வளவு பெரிய வேலை என்பதைப் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் நடந்த 'பூமி' திட்டத்தைப் படித்தபோதுதான் நான் புரிந்துகொண்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நில விவகாரம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பாதிப் பேர் வீட்டில் தினமும் பேசுகிற விவகாரம்தான்.

கர்நாடகத்தில் 'பஹணி' என்று ஒரு தாள் உண்டு. நம் ஊர் சிட்டாவையும் அடங்கலையும் சேர்த்து ஒரே தாளில் எழுதியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது, எத்தனை ஏக்கர், என்ன மண், என்ன பயிர், அதன் மேல் என்ன கடன் என்று எல்லாம் அதில் இருக்கும். விவசாயி பயிர்க்கடனுக்குப் பாங்குக்குப் போனால் பஹணி எங்கே என்று கேட்பார்கள். நிலத்தை விற்க, பாகம் பிரிக்க, கோர்ட்டுக்குப் போக, எல்லாவற்றுக்கும் அதுவே ஆதாரம். மாநிலம் முழுவதும் இப்படிப்பட்ட பஹணிகள் சுமார் 2 கோடி. அவற்றுக்குச் சொந்தக்காரர்களான விவசாயிகள் சுமார் 67 லட்சம் பேர்.

இந்த 2 கோடித் தாள்களும் சுமார் 9,000 கிராமக் கணக்கர்களிடம் இருந்தன. ஒருவருக்கு மூன்று, நான்கு கிராமங்கள். கையால் எழுதிய பேரேடுகள், அவரவர் பொறுப்பு. நகல் வேண்டுமென்றால் கணக்கரைத் தேடிப் போக வேண்டும். இன்றைக்கு அவர் இந்தக் கிராமத்தில் இருப்பார், நாளைக்கு அந்தக் கிராமத்தில் இருப்பார், நாளை மறுநாள் தாலுகா ஆபீசில் மீட்டிங். மூன்று நாளிலும் கிடைக்கும், முப்பது நாளும் ஆகும். கைச்செலவுக்கு எவ்வளவு என்பது அவசரத்தைப் பொறுத்தது. கணக்கர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஊருக்கே ஒரு பேரேடு, அதைத் திறந்து பார்க்க ஒரே ஓர் ஆளுக்குத்தான் அதிகாரம் என்ற ஏற்பாட்டில் நல்லவர் இருந்தாலும் ஊரார் அவரிடம் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். கோளாறு ஏற்பாட்டில் இருந்தது.

சரி, கணிப்பொறி வாங்கி வைத்தால் தீர்ந்ததா? இல்லை. இதுதான் இந்தப் பாடத்தின் முதல் பகுதி. நில ஆவணங்களைக் கணிப்பொறியில் ஏற்றும் திட்டத்தை மத்திய அரசு 1988-89லேயே எட்டு மாநிலங்களில் மாவட்டத்துக்கு ஒன்றாகத் தொடங்கியது. பிறகு கர்நாடகமும் அதில் சேர்ந்தது. பணம் வந்தது, மெஷின் வந்தது, டேட்டா என்ட்ரியும் நடந்தது. ஆனால் விவசாயிக்கு ஒன்றும் மாறவில்லை.

காரணம் ரொம்ப எளிது. கணிப்பொறி மாவட்டத் தலைநகரில் இருந்தது, மாற்றங்கள் கிராமத்தில் நடந்தன. இன்று ஒரு கிராமத்தின் விவரத்தை ஏற்றி முடித்தால், அடுத்த வாரமே அங்கே ஒருவர் இறப்பார், ஒருவர் விற்பார், அண்ணன் தம்பி பாகம் பிரிப்பார்கள். அதையெல்லாம் கணக்கர் தன் பேரேட்டில் எழுதிக்கொள்வார். கணிப்பொறியில் பழைய பெயரே கிடக்கும். நில விவரம் என்பது கறந்த பால் மாதிரி, வைத்திருந்தால் திரிந்துவிடும். ஆறு மாதம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எது சரி? சட்டப்படி கையால் எழுதிய பேரேடுதான் செல்லும். அப்படியானால் கணிப்பொறி அங்கே எதற்கு?

நம் பாடத்தில் 'டேட்டா ரிடண்டன்சி' என்று படிக்கிறோமே, ஒரே விவரம் இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டும் முரண்படும் என்று. பரீட்சைக்கு ஐந்து மார்க் கேள்வி. அங்கே அது ஒரு மாநிலத்தின் பல வருஷ உழைப்பை விழுங்கியிருக்கிறது.

1990களின் கடைசியில் பூமி திட்டம் வந்தது. அதை நடத்தியவர் ராஜீவ் சாவ்லா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. மென்பொருளை எழுதிக் கொடுத்தது 1976ல் தொடங்கப்பட்ட தேசிய தகவலியல் மையம். இதில் ஒன்றைக் கவனியுங்கள். புரோகிராம் எழுதியவர்கள் தகவலியல் மையத்துக்காரர்கள் என்றாலும் திட்டத்தை முன்னால் நின்று நடத்தியது வருவாய்த் துறை. ஏன் இது முக்கியம் என்றால், இனிமேல் எடுக்க வேண்டிய முடிவுகளில் பெரும்பாலானவை புரோகிராமர் எடுக்கக்கூடிய முடிவுகளே அல்ல. எந்தத் தாள் செல்லும், எது செல்லாது, யார் கையெழுத்துப் போட வேண்டும், யாரிடமிருந்து எந்த அதிகாரத்தை எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் துறைக்குள் இருக்கிற, சட்டம் தெரிந்த, மேலிடத்தின் ஆதரவு பெற்ற ஒருவர்தான் முடிவு செய்ய முடியும். அப்போது முதலமைச்சராக இருந்த எஸ்.எம். கிருஷ்ணாவின் அரசு பின்னால் நின்றது.

அந்த முடிவுகளிலேயே பெரியது எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரு தாலுகாவில் கணிப்பொறி வேலை முடிந்து மையம் திறக்கப்பட்டதும், அந்தத் தாலுகாவில் கையால் எழுதிய பஹணி செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். ஒரே அறிவிப்பு. அதன் பிறகு பாங்கும் சரி, கோர்ட்டும் சரி, கணிப்பொறியில் அச்சிட்ட தாளைத்தான் ஏற்கும். இரண்டு பேரேடு என்ற பழைய நோய் அதோடு ஒழிந்தது.

படிக்கும்போது இது சாதாரணமாகத் தெரியும். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு தைரியம் வேண்டும்! பழைய வழியை மூடிவிட்டால் திரும்பிப் போக முடியாது. கரண்ட் போனால் என்ன செய்வது? ஹார்டு டிஸ்க் போனால்? பிரிண்டரில் ரிப்பன் தீர்ந்தால்? விதைப்பு நேரத்தில் கடன் வாங்க வந்த விவசாயியிடம் "மெஷின் ரிப்பேர், அடுத்த வாரம் வா" என்று சொன்னால் அவன் பருவத்தைத் தவறவிடுவான். ஆகவே அந்த ஒரு வரி அறிவிப்பைக் கொடுப்பதற்கு முன்னால் பேக்-அப், மாற்று மின்சாரம், பழுது பார்க்க ஆள், பயிற்சி பெற்ற ஆபரேட்டர் எல்லாம் தாலுகா தாலுகாவாகத் தயாராக இருக்க வேண்டும். 177 தாலுகாக்கள்! திட்டமிடுதல் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தைக்குள் இவ்வளவும் இருக்கிறது.

அடுத்தது டேட்டா என்ட்ரி. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் ஆள் ஒரு நாளைக்கு 100 பஹணி ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2 கோடிக்கு 2 லட்சம் ஆள்-நாட்கள். ஆயிரம் பேரை உட்கார வைத்தாலும் 200 நாட்கள், ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. அது போகட்டும். நூற்றுக்கு ஒன்று தப்பானால்கூட 2 லட்சம் தாள்களில் பிழை. நாம் லேபில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கினால் ட்ரீட் கேட்பார்கள். இங்கே அந்த மீதி ஒன்று ஒரு குடும்பத்தின் இரண்டு ஏக்கர். ஒரு பூஜ்யம் இடம் மாறினால் 2 ஏக்கர் 20 சென்ட் என்பது 2 ஏக்கர் 2 சென்ட் ஆகிவிடும்.

ஆகவே ஏற்றியதை அச்சடித்து, அதே கிராமக் கணக்கரிடம் கொடுத்து, பேரேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வைத்தார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதிகாரம் யாருடைய கையிலிருந்து போகப் போகிறதோ அவருடைய அறிவு இல்லாமல் இந்த வேலை நடக்காது. அவருடைய கிறுக்கல் எழுத்தை அவரால்தான் படிக்க முடியும். "இது சித்தப்பா, இது சிவப்பா" என்று அவர்தான் சொல்ல வேண்டும். அவரை வில்லனாக்கி ஒதுக்கியிருந்தால் திட்டம் அங்கேயே படுத்திருக்கும்.

இப்போது நம் பிரிவுக்காரர்களுக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்பில் கியூ படித்தோம் அல்லவா? முதலில் வந்தவர் முதலில் வெளியே. போர்டில் நாலு கட்டம் போட்டு ஃப்ரண்ட், ரியர் என்று எழுதிவிட்டுப் போய்விட்டோம். பூமி திட்டத்தில் அந்தக் கியூதான் கதாநாயகன்.

நிலம் கை மாறினால் பெயர் மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். நம் ஊர்ப் பட்டா மாறுதல் போல. சம்பந்தப்பட்டவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, 30 நாள் காத்திருந்து, ஆட்சேபணை இல்லையென்றால் மாற்றலாம் என்பது அங்கே இருந்த விதி. பழைய முறையில் மனு கணக்கரின் பைக்குள் போகும். அது எப்போது வெளியே வரும் என்பது கடவுளுக்கும் கணக்கருக்கும்தான் தெரியும். யாருடைய மனு மேலே, யாருடைய மனு அடியில் என்பதிலேதான் காசு இருந்தது. கணிப்பொறிப் பாஷையில் சொன்னால் அது பிரயாரிட்டி கியூ. எதை வைத்துப் பிரயாரிட்டி என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

பூமியில் மனு வந்த உடனே கணிப்பொறியில் ஏறும். எண் கொடுத்துவிடும். அதிகாரி வந்த வரிசைப்படிதான் எடுக்க வேண்டும், நடுவில் இருப்பதை உருவ மென்பொருள் விடாது. எட்டாவது மனு மேல் எவ்வளவு அன்பு இருந்தாலும் ஏழையும் முடித்துவிட்டுத்தான் வர வேண்டும். இதில் பெரிய டெக்னாலஜி ஒன்றும் இல்லை. நம் இரண்டாம் வருஷ லேப் புரோகிராம்தான். ஆனால் "இந்த இடத்தில் கியூதான் வைக்க வேண்டும், விதிவிலக்குக் கூடாது" என்று முடிவு செய்வது புரோகிராம் இல்லை, கொள்கை. அந்த முடிவால் துறைக்குள் எத்தனை பேருடைய முகம் சுருங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கோடு எழுதுவது அரை நாள் வேலை. அந்த முகங்களைச் சமாளிப்பதுதான் தலைமை.

கைரேகை விஷயமும் இதே ரகம். பாஸ்வேர்டு வைத்தால் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். நாளைக்கு ஒரு பெயர் மாறியிருந்தால் "நான் இல்லை சார், யாரோ என் பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறார்கள்" என்று தப்பித்துவிடலாம். ஆகவே அதிகாரி விரலை வைத்துத்தான் உள்ளே போக வேண்டும் என்று வைத்தார்கள். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவாகிவிடும். இன்றைக்கு ரேஷன் கடையிலேயே விரல் வைக்கிறோம், அதனால் இது நமக்குப் பெரிதாகத் தோன்றாது. 2001 வாக்கில் ஒரு தாலுகா ஆபீசில் அதைச் செய்தார்கள் என்பதுதான் விசேஷம்.

இன்னொன்று சின்ன விஷயம், ஆனால் என் மனசில் நின்றுவிட்டது. மையத்தில் இரண்டு திரைகள். ஒன்று ஆபரேட்டரைப் பார்த்து, மற்றொன்று வெளியே நிற்கும் விவசாயியைப் பார்த்து. உள்ளே அவர் என்ன செய்கிறார் என்பதை இவர் பார்த்துக்கொண்டே நிற்கலாம். கூடுதல் செலவு ஒரு மானிட்டர்தான். எல்லாம் கன்னடத்தில். ஆங்கிலத்தில் வைத்திருந்தால் அந்த இரண்டாவது திரை வெறும் வெளிச்சம்தான். அப்போது 15 ரூபாய் கட்டினால் தாள் கையில். சிபாரிசு வேண்டாம், கணக்கரைத் தேட வேண்டாம். அந்த 15 ரூபாயிலிருந்தே மையத்தின் நடைமுறைச் செலவைச் சமாளிக்கலாம் என்பதும் திட்டத்தின் ஒரு பகுதி. அரசாங்கம் மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டு ரிப்பனுக்கு வழி செய்யாமல் விட்ட கதைகள் நாட்டில் நிறைய.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது படிப்பு ஆகாது. பூமியைப் பற்றிப் பிற்பாடு கடுமையான விமர்சனங்களும் வந்தன. கிராமத்தில் இருந்த பேரேடு தாலுகாவுக்குப் போனதால் பஸ் ஏறிப் போக வேண்டிய செலவும் ஒரு நாள் கூலியும் விவசாயி தலையில் விழுந்தன. (பிறகு 'நெம்மதி' என்ற பெயரில் ஊர்ப்புறங்களில் சுமார் 800 மையங்கள் வந்தன.) பழைய பேரேட்டில் இருந்த தப்பு அப்படியே கணிப்பொறிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. முன்பு கணக்கரிடம் சொல்லி ஊரார் சாட்சியோடு திருத்தியதை இப்போது மனுப் போட்டு, வரிசையில் நின்று திருத்த வேண்டும். பெங்களூரைச் சுற்றி நிலத்துக்கு விலை ஏறிய காலம் அது. எந்த நிலம் யாருடையது என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்க முடிந்தது பெரிய முதலாளிகளுக்கு வசதியாகிவிட்டது என்றும் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். திறந்த கதவு வழியாக யார் முதலில் நுழைகிறார்கள் என்பதும் பார்க்க வேண்டிய விஷயம்தான். மேலும், பஹணி எழுத்துத்தான், வரைபடம் இல்லை. தாளில் பெயர் சரியாக இருக்கும், வரப்பு எங்கே என்பதில் தகராறு இருக்கும்.

எனக்கு இவற்றையெல்லாம் விட வேறொரு விஷயம் உறுத்துகிறது. கர்நாடகத்தில் 1974ல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தில் குத்தகையையே பெரும்பாலும் தடை செய்துவிட்டார்கள். உழுபவனுக்கே நிலம் என்ற நல்ல நோக்கம். ஆனால் வாய்மொழிக் குத்தகை உலகத்திலிருந்து மறைந்துவிடவில்லை. சட்டப்படி இல்லாத குத்தகையை யார் பேரேட்டில் எழுதுவார்கள்? பேரேட்டில் இல்லாதது கணிப்பொறியிலும் இல்லை. 2 கோடித் தாள்களை எவ்வளவு ஜாக்கிரதையாகச் சரிபார்த்தாலும், அந்த நிலத்தில் இறங்கி உழுகிறவன் அதில் தென்படமாட்டான்.

நான் இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் அப்பா உழுவது இன்னொருவர் நிலம். பேச்சுதான், பத்திரம் கிடையாது. நம் மாநிலத்தில் குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பதியப் போனால் அடுத்த வருஷம் நிலம் நமக்குக் கிடைக்காது என்று அப்பா சொல்வார். "பேர் ஏறுனா நெலம் போயிரும் சாமி" என்பார். இன்றைக்கு நம் ஊரிலும் பட்டா, சிட்டா எல்லாம் வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம். பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்கு நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். சர்வே எண்ணைப் போட்டால் அரை நிமிஷம். எங்கள் வீட்டுக்கு எடுக்க ஒன்றும் இல்லை. வெள்ளாமை போனால் நிவாரணம் பேப்பரில் பெயர் உள்ளவருக்கு. கடன் தள்ளுபடி என்றாலும் அப்படித்தான்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஒரு டேபிள் டிசைன் பிரச்சினையாகப் பாருங்கள் என்கிறேன். 'உரிமையாளர்' என்று ஒரு ஃபீல்டு, 'சாகுபடி செய்பவர்' என்று ஒரு ஃபீல்டு. இரண்டாவதைக் காலியாக விடலாமா, கட்டாயமாக்கலாமா? கட்டாயமாக்கினால் நிலத்துக்காரர் பயந்துகொண்டு குத்தகையை நிறுத்திவிடுவார். காலியாக விட்டால் உழுகிறவன் காணாமல் போவான். பெயர் ஏறினாலும் உரிமை கோர முடியாது, ஆனால் கடனுக்கும் நிவாரணத்துக்கும் மட்டும் அது செல்லும் என்று வைக்கலாமா? அப்படி வைத்தால் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கும் குத்தகை உரிமை என்ன ஆவது? இதற்கு எந்த மென்பொருளிலும் பதில் கிடையாது. வருவாய்த் துறை, விவசாயத் துறை, பாங்கு, சட்டசபை எல்லாம் ஒரு மேஜையில் உட்கார்ந்தால்தான் அந்த ஒரு ஃபீல்டுக்கு விடை வரும். அந்த மேஜையில் கணிப்பொறி தெரிந்த ஒருவரும் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கு வரப்பும் தெரிந்திருந்தால் நல்லது.

நம் பிரிவில் இந்த வருஷம் பிராஜெக்டுக்கு லைப்ரரி மேனேஜ்மென்ட், ஸ்டூடண்ட் டேட்டாபேஸ் என்று வழக்கமானவைதான் எடுத்திருக்கிறோம். ஜூனியர்கள் யாராவது இந்த இரண்டாவது ஃபீல்டை எடுத்துப் பார்ப்பதாக இருந்தால் என்னிடம் குறிப்புகள் இருக்கின்றன. அப்பாவும் பேசத் தயார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வந்தால் வீட்டில் இருப்பார்.